இரு பறவைக் கோட்பாடு

தஞ்சாவூர்ப் பக்கம் தமிழ் எம்.ஏ. படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: பழுப்புப் பறவை உழைப்பு, வெள்ளைப் பறவை விடுதலை. பத்து மதிப்பெண் கேள்வி. திருமேனி எழுதிய ‘எட்டாம் மதகு’ நாவல் பாடத்தில் இருந்த இருபது வருடத்தில் இந்தக் கேள்வி வராத வருடம் ஒன்றோ இரண்டோ. அதற்குப் பதில் கண்டுபிடித்துக் கொடுத்த புண்ணியவதி நீலாயதாட்சி. தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவர். அவளுடைய முனைவர் பட்டம், பதவி உயர்வு, ஊர் ஊராய்ப் போட்டுக்கொண்ட பொன்னாடைகள் எல்லாமே அந்த இரண்டு பறவைகள் வாங்கிக் கொடுத்தவை. ஆய்வைப் புத்தகமாகப் போட்டபோது ‘இரு பறவைக் கோட்பாடு’ என்று பெயர் வைத்தாள்.

நாவலின் கடைசிப் பக்கத்தில் நடப்பது இவ்வளவுதான். குத்தகை நிலம் பறிபோன காத்தாயி மதகடியில் வந்து நிற்கிறாள். வாய்க்கால் ஓரத்தில் பழுப்பாக ஒரு பறவை குறுகி உட்கார்ந்திருக்கிறது. அவள் நெருங்கிப் போகிறாள். பிறகு திருமேனி ஒரே வரி எழுதுகிறார்: ‘காத்தாயி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாக எழுந்து போயிற்று.’ நாவல் முடிந்தது. இந்த ஒரு வரிக்கு நீலாயதாட்சி நாற்பத்திரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பழுப்பு மறைகிறது, வெள்ளை தோன்றுகிறது. சேற்றில் உழன்ற வாழ்வு முடிய, ஆன்மா சிறகு விரிக்கிறது. அடிக்குறிப்புகள் மட்டும் ஆறு பக்கம் வரும்.

முன்னுரையில் இன்னொரு வரியும் உண்டு. ‘காவிரிப் பாசன வயல்களின் நடுவே பிறந்த எனக்கு இந்தப் பறவைகள் அந்நியமல்ல.’ பிறந்தது என்னவோ நிஜம். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் அவள் தாத்தாவுக்கு ஏழு வேலி நிலம் இருந்தது. அவளுக்கு மூன்று வயதாகும்போது அப்பா அதை விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் வயலைப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக, பிற்பாடு கார்க் கண்ணாடி வழியாக. வரப்பில் கால் வைத்ததில்லை. அது ஒன்றும் குற்றமில்லை. முன்னுரையில் அப்படி எழுதாமல் இருந்திருக்கலாம்.

திருமேனியின் நூற்றாண்டு வந்தது. குத்தாலத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊரில் வாசகர் வட்டத்துக்காரர்கள் ஊர்ப்புற நூலகத்து வாசலில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். வட்டத்தின் தலைவர் வீரையன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், போன் செய்தார். “அந்த நாவலப் பத்தி வந்திருக்கிற ஒரே புஸ்தகம் உங்களோடதுதான் மேடம். நீங்க வராம எப்படி?” நீலாயதாட்சிக்குப் போகாமல் இருக்க ஒரு காரணமும் தெரியவில்லை. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தட்டச்சு செய்த உரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு காரில் போய் இறங்கினாள்.

பந்தலில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து, “வாங்க மேடம்” என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கோ பார்த்த முகம். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவளுக்கு எல்லா முகமும் எங்கோ பார்த்த முகம்தான். “நல்லா இருக்கியாம்மா” என்று பொதுவாகக் கேட்டுவைத்தாள். “இருக்கேன் மேடம்” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த நாற்காலியைத் தூக்கப் போனாள்.

மைக் செட் வரவில்லை. “அதுக்குள்ள மதகப் பாத்துட்டு வந்துடுங்க. இவரு கூட்டிட்டுப் போவாரு” என்று வீரையன் ஒரு பெரியவரை முன்னால் தள்ளினார். வைரக்கண்ணு என்று பேர். எழுபதை ஒட்டிய ஆள், விழாவுக்காக வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். மதகை ஒட்டி அவர் வயல். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நீலாயதாட்சி அவர் பின்னால் வரப்பில் நடந்தாள். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வரப்பு வழுக்கியது. சம்பாப் பயிர் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு நின்றது.

“எம் பொண்ணும் தஞ்சாவூர்லதாங்க படிச்சா” என்றார் வைரக்கண்ணு, திரும்பாமலேயே. “இப்ப நூலகத்துல இருக்கா. உங்களுக்கு நாக்காலி போட்டாளே, அவதான்.”

“அப்படியா, சந்தோஷம்.”

எட்டாம் மதகு என்று அவள் மனசில் பெரிதாகக் கட்டிவைத்திருந்தது முழங்கால் உயரத்துச் சிமெண்டுக் கட்டையாகவும் ஒரு துருப்பிடித்த பலகையாகவும் இருந்தது. போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டாள். வைரக்கண்ணு வாய்க்கால் ஓரத்தைக் காட்டினார்.

“அந்தா உக்காந்திருக்குது பாருங்க, உங்க பறவை.”

முதலில் அவளுக்கு மண்ணும் காய்ந்த கோரையும்தான் தெரிந்தது. அவர் இன்னொரு தடவை கையை நீட்டிக் காட்டிய பிறகு தெரிந்தது. மண் நிறத்தில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருடம் எழுதியதை நேரில் பார்க்கிறாள்.

“ஆமா, இதுதான் பழுப்பு” என்றாள், வகுப்பில் பேசுகிற குரலில். “வெள்ளை எந்தப் பக்கமிருந்து வரும்?”

வைரக்கண்ணு சிரித்தார். படித்தவர்கள் இப்படியும் வேடிக்கை பேசுவார்கள் என்று நினைத்திருப்பார். “கிட்டப் போங்க, வந்துடும்” என்றார்.

அவள் கிட்டப் போனாள். பத்தடி, எட்டடி, ஐந்தடி. பறவை நகரவில்லை. இன்னும் ஒரு எட்டு வைத்ததும் முகத்துக்கு நேராகப் படபடவென்று வெள்ளையாக ஒன்று எழுந்து வயலுக்கு மேலே போயிற்று. நீலாயதாட்சி அதைப் பார்க்கவில்லை. குனிந்து, கோரையை விலக்கி, பழுப்பு எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, எதாச்சும் விழுந்துடுச்சா?”

“இல்ல. அந்தப் பழுப்புப் பறவை… காணோமே.”

இந்தத் தடவை வைரக்கண்ணு சிரிக்கவில்லை. அவள் வேடிக்கை பேசவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சட்டென்று தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, யாருக்கோ தெரியாததைச் சொல்கிற மாதிரி இல்லாமல், சும்மா பேச்சுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். “மடையான் கொக்கு அப்படித்தாங்க. முதுகு மண்ணு கலரு, றெக்கை வெள்ளை. மடக்கிட்டா வெள்ளை உள்ள போயிடும். அந்தா பாருங்க, எங்க போயிடப் போவுது.”

இரண்டு வயல் தள்ளி அது இறங்கியது. சிறகை மடக்கியது. அங்கே வரப்பு மட்டும்தான் தெரிந்தது.

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. நாற்பத்திரண்டு பக்கம் என்று நினைத்தாள். அடிக்குறிப்பு ஆறு பக்கம். இந்த ஊரில் பால் எடுத்துக்கொண்டு போகிற பொம்பளைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை. அதை இந்த மனிதர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நிற்கிறார். அவர் சிரித்திருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

திரும்பி நடக்கும்போது அவர்தான் பேசினார். அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று பேச்சை மாற்றினார். மாற்றிய இடம் அதைவிடச் சங்கடமான இடம்.

“எம் பொண்ணு ஷோபனா எம்.பில். சேந்தாங்க. இந்தக் கதையப் பத்திதான் எழுதினா. ராவும் பகலும் எழுதினா. கடசில பாதியில விட்டுட்டு வந்துட்டா. டீச்சர் திருத்தச் சொன்னத இவ திருத்தலியாம். உனக்கு ஆராய்ச்சி வராதுன்னு சொல்லிட்டாங்களாம். நானும் திட்டிட்டேன். பெரிய படிப்பு படிச்சவங்க சொன்னா கேக்க மாட்டியா, உனக்கு என்ன திமிருன்னு கேட்டேன். அது ஆச்சு பதினோரு வருஷம். கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டயும் பாதியில வுட்டவன்னுதான் சொன்னேன். வேற என்னத்த சொல்றது?”

“டீச்சர் பேரு…”

“சொல்ல மாட்டா. நானும் கேக்கல. அவங்க மேல என்னங்க தப்பு?”

எங்கோ பார்த்த முகம் எங்கே பார்த்தது என்று இப்போது தெரிந்தது. துறையில் அவளுடைய அறை. மேஜைக்கு எதிரில் ஒல்லியாக ஒரு பெண், கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஆய்வேடு. மூன்றாம் இயலுக்கு ‘ஒரே பறவை’ என்று தலைப்பு. “இது ரெண்டு பறவை இல்லீங்க மேடம், ஒண்ணுதான். எங்க வயல்ல தெனம் நிக்கும். ஒரு நாள் வந்து பாருங்க மேடம், அரை மணி நேரம் போதும்.” அறையில் வேறு நாலு மாணவர்கள் இருந்தார்கள். நெறியாளர் நீலாயதாட்சி அவர்கள் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “வயல்ல நிக்கிறவங்க பார்வை வேற, இலக்கியம் படிக்கிறவங்க பார்வை வேற. உனக்கு முன்னது வரும். பின்னது வராது.” அந்த நாலு பேரும் சிரிக்கவில்லை. அதை அப்போது அவள் கவனிக்கவில்லை. இயல் முழுக்கச் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை. ஆய்வேடு கொடுக்க வேண்டிய தவணை முடிந்தது. பெண் வரவில்லை. அடுத்த வருடம் வேறு பெண் வந்தாள்.

பந்தலுக்கு வந்தபோது மைக் செட் தயாராக இருந்தது. ஷோபனாதான் அறிமுகவுரை. நீலாயதாட்சியின் பட்டங்கள், நூல்கள், விருதுகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ‘என் ஆசிரியர்’ என்று மட்டும் சொல்லவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த நீலாயதாட்சிக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே அந்த அப்பாடாவை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

மைக் முன்னால் போய் நின்றாள். எதிரே அறுபது எழுபது பேர். முக்கால்வாசிப் பேர் வயலில் நிற்கிறவர்கள். தட்டச்சு செய்த உரையைக் கைப்பையிலிருந்து எடுக்கவே கை வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் முப்பது வருடம் மேடையில் பேசிய வாய் அது. “அறிஞர் சிலர் இதனை இரு பறவைகளாகக் காண்பர்” என்று ஆரம்பித்தது. அந்த அறிஞர் சிலர் யார் என்று சொல்லவில்லை. “ஆனால் அண்மையில் என்னுடைய ஆய்வு வேறொரு முடிவை நோக்கி நகர்ந்திருக்கிறது” என்றது. அண்மை என்றால் முக்கால் மணி நேரம்.

“அது ஒரே பறவை” என்றாள். பந்தலில் பேச்சு நின்றது. அந்த அமைதி அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. “எழுந்து பறக்கும்போது காத்தாயிக்கு வெள்ளை தெரிகிறது. ஆனால் அது எங்கே போகிறது? அடுத்த வரப்பில் இறங்கி மறுபடியும் மண் நிறமாகிவிடுகிறது. இது விடுதலை இல்லை. இடம் மாறுவது. காத்தாயி இந்த வயலை விட்டு அடுத்த வயலுக்குக் கூலிக்குப் போகப் போகிறாள், அவ்வளவுதான். வெள்ளை அவளுக்குள்ளேயே இருக்கிறது, விரிக்கத்தான் இடமில்லை.”

கைதட்டல் எழுந்தது. ‘விரிக்கத்தான் இடமில்லை’ என்று முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, இந்த வாக்கியம் தன்னுடையது இல்லை. மூன்றாம் இயலின் கடைசி வாக்கியம். அதன் மேல் அவள் இழுத்த சிவப்புக் கோடு கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் வீரையன் காதில் சொன்னார்: “பிரமாதம் மேடம். புதுப் பார்வை.” பந்தலின் ஓரத்தில், வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஷோபனாவும் கை தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் நிறுத்தியபோது அவளும் நிறுத்தினாள்.

அடித்துத் திருத்திப் படிப்பைக் கெடுத்தது அப்போது. இன்றைக்கு அவளுடையதை எடுத்து அவள் கண் முன்னாலேயே, அவள் போட்ட நாற்காலியிலிருந்து எழுந்துபோய், தன்னுடையது என்று சொல்லியாயிற்று. எழுந்து போய்ச் சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நீலாயதாட்சி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. வீரையன் பேசினார். ஷோபனா நன்றி சொன்னாள். மைக் செட்காரருக்கு, பந்தல்காரருக்கு, ‘நாவலுக்குப் புதிய ஒளி பாய்ச்சிய பேராசிரியருக்கு’. எல்லாருக்கும் சாப்பாடு இருக்கிறது, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று முடித்தாள்.

அப்போதுதான் நீலாயதாட்சி எழுந்து மைக்கைப் பிடித்தாள். அது செத்துக் கிடந்தது. மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் இழுபடும் சத்தம். “ஒரு நிமிஷம், நான் சொன்னது…” என்றாள். யாரும் திரும்பவில்லை. பேராசிரியருக்குப் போர்த்திய சால்வையை மடித்துக்கொண்டிருந்த ஷோபனா மட்டும் நின்றாள்.

“ஷோபனா, அது உன்னோடது. நான் பேசினது பூரா உன்னோடது.”

“தெரியும் மேடம்.”

“எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சத்தியமா. அந்தப் பறவையை நான் பார்த்ததே இல்ல.”

“அதுவும் தெரியும் மேடம்.” ஷோபனாவின் குரலில் கோபம் இல்லை. இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். “கிளாஸ்ல எல்லாருக்குமே தெரியும். முக்காவாசிப் பேரு வயக்காட்டுப் புள்ளைங்கதானே. பத்து மார்க்காச்சேன்னு ரெண்டு பறவைன்னே எழுதிடுவாங்க. ஹாஸ்டல்ல அதைச் சொல்லிச் சிரிப்பாங்க.”

இருபது வருடம். ஒவ்வொரு வருடமும் அவள் கரும்பலகையில் பழுப்பு என்று ஒரு பக்கமும் வெள்ளை என்று ஒரு பக்கமும் எழுதும்போது, பின்னால் அத்தனை பேரும் தெரிந்தே நோட்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த நாலு பேர் ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது புரிந்தது.

“என்னை மன்னிச்சுடும்மா.”

“எங்கிட்ட சொல்லி என்ன மேடம்? நான் எழுதினது சரின்னு எனக்குத்தான் தெரியுமே.” ஷோபனா சால்வையை அவள் கையில் கொடுத்தாள். “அப்பாவுக்குத்தான் தெரியாது. அவர்கிட்ட சொல்லுங்க.”

நூலகத்துக்குப் பின்னால் பந்தி நடந்தது. வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். நீலாயதாட்சி அவர் முன்னால் போய் நின்றாள்.

“நாந்தாங்க அந்த டீச்சர்” என்றாள். “உங்க பொண்ணு பாதியில விடல. அவ எழுதினது சரி. ஒரே பறவைன்னுதான் எழுதினா. எனக்குத்தான் தெரியல. தெரியாமயே அவளை அவமானப்படுத்தினேன். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். இன்னைக்கு நான் பேசினதும் அவ எழுதினதுதான்.”

பந்தியில் நாலைந்து பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வைரக்கண்ணு வாளியைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்கவில்லை. தூணடியில் நின்ற மகளைப் பார்த்தார். ஷோபனா தலையைக் குனிந்துகொண்டாள். பதினோரு வருடத்தில் அழாத பெண் இப்போது அழுதாள்.

“ஏம்மா நீ சொல்லல?” என்றார்.

“நீங்க அவங்க பக்கந்தானே பேசினீங்க.”

அவர் தெருவில் இறங்கி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். வீடு நாலு வீடு தள்ளித்தான். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு உரச்சாக்குப் பை. அதற்குள்ளிருந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஆய்வேட்டை எடுத்தார். ஓரமெல்லாம் கறையான் அரித்திருந்தது.

“தூக்கிப் போடச் சொன்னா. நாந்தான் பரண்ல வச்சிருந்தேன்” என்று சொல்லிவிட்டு அதை நீலாயதாட்சியிடம் நீட்டினார். “இப்பக் கையெழுத்துப் போட்டா செல்லுங்களா?”

ஷோபனாதான் சொன்னாள். “அந்தப் படிப்பே இப்ப இல்லப்பா. எடுத்துட்டாங்க.”

வைரக்கண்ணு நீட்டிய கையை மடக்கவில்லை.

“செல்லாட்டிப் போவுது. போட்டுக் குடுங்க.”

கைப்பையில் இருந்தது சிவப்புப் பேனா ஒன்றுதான். ஷோபனாவிடம் கேட்டு அவளுடைய நீலப் பேனாவை வாங்கினாள். முதல் பக்கம், நெறியாளர் சான்றிதழ். புள்ளிக்கோடு பதினோரு வருடமாகக் காலியாகக் கிடந்தது. சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, படிக்கிற மாதிரி எழுதினாள். கீழே அன்றைய தேதியைப் போட்டாள்.

வைரக்கண்ணு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஆய்வேட்டை வாங்கினார். தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஈர மையை விரலால் தொடாமல், எழுத்துக் கூட்டிப் படித்தார். “நீ… லா… ய… தாட்சி.” பந்தியில் எல்லாருக்கும் கேட்டது.

“இதுதானா நீ சொல்லாத அந்தப் பேரு?” என்று மகளைக் கேட்டார்.

ஷோபனா பதில் சொல்வதற்கு முன்னால் நீலாயதாட்சியே சொன்னாள். “ஆமாங்க. இந்தப் பேருதான்.”